இராட்சதக் கணவாயும் டெலிவிஷன் காமிராவும்

1932-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி, அட்லாண்டிக் சமுத்திரத்தில் பெர்முடாத் தீவுகளுக்கு அருகே, வில்லியம் பீப் என்ற அமெரிக்க இயற்கை விஞ்ஞானியும் ஓட்டிஸ் பார்ட்டன் என்ற அவருடைய சகாவும், நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லாத ஓர் எஃகு உருண்டைக்குள் காலை மடக்கி உட்கார்ந்தபடி, இரும்பு வடத்தில் தொங்கிக்கொண்டு 2200 அடி ஆழத்துக்கு இறங்கினார்கள்; ஜன்னலுக்கு வெளியே மின்னி மறைந்த ஜீவராசிகளைப் பற்றிப் பீப் சொல்லச் சொல்ல, டெலிபோன் கம்பி வழியாக மேலே வந்த அந்தக் குரலை என். பி. சி. ரேடியோ நிறுவனம் அமெரிக்க மக்களுக்கு ஒலிபரப்பியது. வீட்டுக் கூடத்தில் சாய்ந்திருந்த ஜனங்கள், தாங்கள் ஆயுளில் ஒருநாளும் காணப்போகாத ஓர் இருளைக் காதால் கேட்டார்கள். ஆனால் காதுக்கு எட்டியது கண்ணுக்கு எட்டுவதற்கு வெகுகாலம் பிடித்தது. அதிலும், கடல்வாழ் பிராணிகளுள் மனிதன் எதைப் பற்றி மிக அதிகமாகக் கதை கட்டிப் பேசிவந்தானோ அந்த இராட்சதக் கணவாய், தன் சொந்த ஆழத்தில் உயிரோடு உலவுவதை ஜனங்கள் வீட்டுத் திரையில் பார்த்தது 2013-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில்தான்.

டெலிவிஷனைப் பற்றி விஞ்ஞானிகளிடையே பொதுவாக நல்ல அபிப்பிராயம் இருப்பதில்லை. பல வருஷங்கள் பொறுமையோடு செய்யவேண்டிய வேலையை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிவிட வேண்டும் என்று அது அவசரப்படுகிறது. ஆராய்ச்சியைக் காட்டிலும் ஆராய்ச்சியாளனுடைய முகத்தில் அதற்கு அதிக நாட்டம். கிடைத்ததைக் காட்டுவதோடு திருப்தியடையாமல், கிடைக்கவேண்டியதை முன்கூட்டியே விளம்பரம் செய்துவிடுகிறது. இந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்றையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆயினும் இராட்சதக் கணவாயைத் தேடிய சரித்திரத்தை ஆதியோடந்தமாகப் பார்க்கிறவர்களுக்கு வேறொன்றும் புலப்படாமற் போகாது. டெலிவிஷன் கொடுத்த பணம் இல்லாவிட்டால் இந்தத் தேடல் இவ்வளவு தூரம் நடந்திராது. டெலிவிஷன் தன் சுபாவத்தை ஓரளவு விட்டுக்கொடுத்திராவிட்டால் தேடல் பலித்தும் இராது. அதன் சுபாவம் எதுவென்றால் வெளிச்சம். வெளிச்சமில்லாமல் படமில்லை. அந்த வெளிச்சமே பிராணியை விரட்டிக்கொண்டிருந்தது என்பதை உணர்வதற்குப் பிடித்த காலந்தான் இத்துறையின் சரித்திரம் முழுவதும் என்று சொன்னால் மிகையாகாது.

டெலிவிஷனுக்கு முந்திய காலத்தை அதிகம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. நார்வே தேசத்தில் பெர்கன் நகரத்து பிஷப்பாக இருந்த எரிக் பொன்டோப்பிடான், 1752-53-இல் வெளியிட்ட தம் இயற்கைச் சரித்திரத்தில், தீவு என்று மாலுமிகள் மயங்கத்தக்க கிராக்கன் என்ற கடற்பூதத்தை வர்ணித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, டென்மார்க்கின் விஞ்ஞானி யாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரூப், கரையில் ஒதுங்கிய ஒரு பிராணியின் அலகையும் வேறு சில எச்சங்களையும் பரிசீலித்து, இது பூதமன்று, கணவாய் இனத்தைச் சேர்ந்ததே என்று நிர்ணயித்து, 1857-இல் ஆர்க்கிடியூத்திஸ் என்று பெயர் சூட்டினார். 1861 நவம்பரில், கானரித் தீவுகளின் அருகே அலெக்டன் என்ற பிரெஞ்சுக் கப்பல் நீர்மட்டத்தில் மிதந்த ஒரு கணவாயைக் கண்டு, குண்டு வீசியும் ஈட்டி எறிந்தும் பிடிக்கப் பார்த்தது. சுருக்குக் கயிறு வழுவி வாற்பக்கத்தில் இறுகவே, உடல் அறுந்து கடலில் போய்விட, வாலின் துண்டு மாத்திரம் கப்பலுக்கு வந்து சேர்ந்தது. ழூல் வெர்னின் கடல் நாவலில் இச்சம்பவம் எடுத்தாளப்பட்டு உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது.

இந்தப் பழைய விவரங்களுள் ஒன்றைமட்டும் சற்று நின்று பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. கனடாவைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் இருந்தார். 1873-இல் லோகி விரிகுடாவில் செம்படவர்களின் வலையில் இராட்சதக் கணவாய் ஒன்று சிக்கியது. வலையைக் கிழித்துவிடும்போல் அது திமிறியதால் அவர்கள் அதைக் கொன்றார்கள். அதுவரை அங்கே ஒதுங்கியவை நாய்க்கு இரையாகவோ வயலுக்கு எருவாகவோ போய்க்கொண்டிருந்தன. ஹார்வி பத்து டாலர் கொடுத்து அதை விலைக்கு வாங்கித் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிக்கும் தொட்டிக்கு மேல் திரை கட்டுவதற்கென்று இருந்த கம்பியின்மீது அதன் தலையையும் கைகளையும் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுக்கச் செய்தார். எட்டுக் கைகளும் இரண்டு நெடிய பற்றுக்கைகளும் ஈரக்கயிறுகளைப்போல் தரையை நோக்கி இறங்க, நடுவே அலகு தெரியும்படி அமைந்த அந்தப் படம், யேல் சர்வகலாசாலையின் பேராசிரியர் அடிசன் வெரில் எழுதிய விஞ்ஞான வர்ணனைகளுக்கு ஆதாரமாயிற்று. கிராக்கனைப் பற்றிய சந்தேகம் ஒழிந்தது அந்தக் குளியலறையில்தான். ஆனால் அதுவும் செத்த பிராணியின் படமே. அதன் பின் நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக மனிதன் ஆழ்ந்து பரிசீலித்ததெல்லாம் பிணங்களைத்தான்.

பிணம் ஏன் இவ்வளவு எளிதில் அகப்பட்டது, உயிர் ஏன் அகப்படவில்லை? இதற்குக் காரணம் பிராணியின் உடலிலேயே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று விற்கிறார்களே, அம்மோனியம் குளோரைடு என்ற அந்த உப்பின் கரைசல் இதன் தசையெங்கும் நிறைந்திருக்கிறது. கடல்நீரைவிட அது இலேசானதால், நீந்தாமலே ஆழத்தில் மிதந்து நிற்பதற்கு இந்தப் பிராணிக்கு வசதி. செத்தபின் மேலே மிதந்து வருவதும் அதே காரணத்தால். மனிதர் நாவுக்கு அந்த மாமிசம் கசப்பும் காரமுமாக இருக்கும். வளர்ந்த பெண் கணவாய் பற்றுக்கைகளோடு சேர்த்து 12 அல்லது 13 மீட்டர் நீளம் வரை எட்டும். அதில் பெரும்பாகம் பற்றுக்கையின் நீளமேயன்றி உடம்பு இரண்டேகால் மீட்டருக்குமேல் போவது அபூர்வம். கண்ணோ சுமார் 27 சென்டிமீட்டர் குறுக்களவுள்ளது. ஸ்வீடன் நாட்டு டான்-எரிக் நில்சன் முதலிய விஞ்ஞானிகள் 2012-இல் கணக்கிட்டுச் சொன்னபடி, இவ்வளவு பெரிய கண்ணால் இரையைத் தேடுவதில் விசேஷ லாபம் ஒன்றுமில்லை; கணவாயைத் தின்னும் ஸ்பெர்ம் திமிங்கிலம் நீரைக் கிழித்து வரும்போது வழியிலுள்ள நுண்ணுயிர்கள் கலங்கி ஒளிர்கின்றன அல்லவா, அந்த மங்கலான ஒளிப்பிழம்பை 120 மீட்டருக்கு அப்பாலிருந்தே கண்டு விலகிக்கொள்வதற்குத்தான் அக்கண் ஏற்பட்டிருக்கிறது. அவர்களுடைய கணக்கு சரியென்றால், இருட்டில் தெரியும் ஒளியை ஆபத்தின் அடையாளமாகக் கொள்ளும்படி இயற்கை பழக்கிய பிராணி இது. இதைத் தேடித்தான் ஆயிரக்கணக்கான வாட் விளக்குகளும் உந்துயந்திரங்களின் இரைச்சலுமாக நாம் இறங்கினோம். நாதஸ்வரம் முழங்க, பெட்ரோமாக்ஸ் விளக்குகள் புடைசூழ, ஆந்தையின் பொந்தைத் தேடிப் புறப்பட்ட கல்யாண ஊர்வலம் எதைக் காணுமோ அதையே நாமும் கண்டோம்.

சினிமாவும் டெலிவிஷனும் இப்பிராணியைக் கற்பனையில் காட்டத் தயங்கவில்லை. 1954-இல் டிஸ்னி நிறுவனம் வெர்னின் நாவலைச் சினிமாவாக்கியபோது யந்திரக் கணவாய் ஒன்று திரையில் கைகளை வீசியது; பீட்டர் பெஞ்ச்லி எழுதிய நாவலொன்று 1996-இல் அமெரிக்க டெலிவிஷனில் தொடராக வந்தது. இவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. மெய்யான தேடல் டெலிவிஷனின் துணையோடு தொடங்கியது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கிளைட் ரோப்பர் என்பவரால். உலகத்தின் பல கரைகளில் ஒதுங்கிய உடல்களை அறுத்துப் பார்த்துத் தேர்ந்த அவர், 1997-லும் 1999-லும் நியூஸிலாந்தின் கைக்கூராவுக்குப் போனார். அவ்விடத்தைத் தேர்ந்ததில் நல்ல யுக்தி இருந்தது: அங்கே ஆயிரம் மீட்டருக்கும் அதிக ஆழமான கடற்பள்ளத்தாக்கு கரைக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது, ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் அங்கே மேய்கின்றன, திமிங்கிலத்தின் வயிற்றில் கணவாயின் அலகுகள் கிடைக்கின்றன, ஆகையால் திமிங்கிலம் இருக்குமிடத்தில் கணவாயும் இருக்கவேண்டும். ஆளில்லாத நீர்மூழ்கியை அனுப்பிப் பார்த்தார். டீப் ரோவர் என்ற சிறு நீர்மூழ்கியில் தாமே இறங்கியும் பார்த்தார். திமிங்கிலத்தையே வேட்டைநாயாக்கி அதன் முதுகில் உறிஞ்சுகிண்ணத்தால் காமிராவை ஒட்டி அனுப்பும் உபாயத்தையும் இதே காலத்தில் பரீட்சித்தார்கள். இராட்சதக் கணவாய் வரவில்லை.

வராத பிராணியைப் பற்றிய நிகழ்ச்சிகளையும் டெலிவிஷன் ஒளிபரப்பத்தான் செய்தது. ரோப்பரின் பிரயாணங்களைக் காட்டிய அந்த நிகழ்ச்சிகளை ஏமாற்றம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை; இத்துறையில் மிக நேர்மையான நிகழ்ச்சிகள் அவையே என்பது என் துணிபு. ஒரு முதிர்ந்த அறிஞர், கைக்கெட்டாத ஒன்றுக்காகத் தம் பேரையும் பிறர் பணத்தையும் பணயம் வைத்து, ஒவ்வொரு முறையும் வெறும் நீரைப் பார்த்துவிட்டு மேலே வந்து, ‘இல்லை’ என்று ஜனங்களுக்கு முன் சொல்வதற்குத் தனி மனோதிடம் வேண்டும். அன்றியும், திமிங்கிலம் மேயுமிடமே கணவாய் வாழுமிடம் என்ற அவருடைய சித்தாந்தம் தோற்கவில்லை. பிற்பாடு வெற்றி கண்ட ஜப்பானியர் தங்கள் இடத்தைத் தேர்ந்ததும் அதே சித்தாந்தத்தைக் கொண்டுதான்.

அதே நியூஸிலாந்தில் ஸ்டீவ் ஓஷே என்பவர் வேறொரு வழியை நாடினார். வளர்ந்த பிராணி நம்மைக் கண்டு விலகுமானால் குஞ்சைப் பிடித்து வளர்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். 2001-இல் வலை வீசி மிகச் சிறிய குஞ்சுகளைப் பிடித்து உயிரோடு தொட்டியில் விட்டார். அவை ஒன்றும் பிழைக்கவில்லை. ஆயினும் அம்முயற்சியும் டெலிவிஷனில் வந்தது, அவருடைய துக்கமும் வந்தது.

ஜப்பானின் ஒகாசவாராத் தீவுகள் டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் உள்ளன. டோக்கியோ தேசிய விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த த்சுனெமி குபோதெரா அங்கே செய்த வேலை, டெலிவிஷன் செய்ததற்கு நேர்விரோதமானது. அவரிடம் நீர்மூழ்கி இல்லை. பெரிய கப்பலும் இல்லை. திமிங்கிலம் பார்க்கப் பிரயாணிகளை அழைத்துச்செல்லும் உள்ளூர்ச் சங்கத்தைச் சேர்ந்த கியோயிச்சி மோரியின் துணையோடு, ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கூடும் மாதங்களில், நீண்ட தூண்டிற் கயிற்றில் ஒரு காமிராவைக் கட்டி, அதற்குக் கீழே கணவாயும் நசுக்கிய இறாலும் இரையாக மாட்டித் தொங்கவிட்டார். முப்பது விநாடிக்கு ஒருமுறை காமிரா மின்னி ஒரு படம் பிடிக்கும். மற்ற நேரமெல்லாம் இருட்டு. 2004 செப்டம்பர் 30-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு மேல், 900 மீட்டர் ஆழத்தில், இராட்சதக் கணவாயொன்று தன் பற்றுக்கைகளை இரையின்மீது வீசிச் சுருட்டியது. தூண்டிலில் ஒரு பற்றுக்கை மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துக்கொள்ள அப்பிராணி நான்கு மணி நேரத்துக்கு மேல் போராடியது முழுவதும், ஐந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட படங்களாகப் பதிந்தது. கடைசியில் கை அறுந்தது. கயிற்றை மேலே இழுத்தபோது வந்த ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டின் உறிஞ்சிகள், படகின் தளத்தையும் தொட்டவர் விரல்களையும் இன்னும் பற்றிக்கொண்டிருந்தன.

அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் இது வெளியாயிற்று. ஆழத்தில் சோம்பி மிதந்துகொண்டு, தானாக வந்து இடறுவதைப் பிடித்துத் தின்னும் மந்தப் பிராணி என்று பல அறிஞர்கள் எழுதிவந்தது தவறென்று தெரிந்தது. இது பாய்ந்து தாக்கும் வேட்டைப் பிராணி. 2006 டிசம்பரில் குபோதெராவின் குழுவினர் தூண்டிலில் அகப்பட்ட ஒன்றை நீர்மட்டத்தில் உயிரோடு சலனப்படமும் எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் மனம் சங்கடப்படும். கப்பலருகே செந்நிறமாய்ப் புரண்டு, குழல்வழியே நீரைப் பீச்சித் தப்பப்பார்த்து, மேலே ஏற்றுவதற்குள் அது இறந்துவிட்டது. உலகச் செய்திகளில் எல்லாம் இது வந்தபோதிலும், தன் வீட்டில் இருக்கும் பிராணியை யாரும் அதுவரை பார்த்தாகவில்லை.

இந்த இடத்தில்தான் எடித் விட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் பங்கு வருகிறது. அவர் கணவாய்த் தேடலில் பெயர்பெற்றவர் அல்லர். ஆழ்கடல் ஜீவராசிகள் தம் உடலிலேயே உண்டாக்கும் உயிரொளியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். ஆழ்கடலுக்கு எட்டும் கடைசி வெளிச்சம் நீலம். அங்கே பிறக்கும் உயிரொளியும் பெரும்பாலும் நீலம். ஆகவே அங்குள்ள பிராணிகளுள் மிகப் பலவற்றின் கண் நீலத்தையன்றிச் சிவப்பைக் காணாது. நுண்ணொளியையும் பதிவு செய்யும் காமிராவை ஆழ்ந்த சிவப்பு விளக்கோடு சேர்த்து வைத்துவிட்டால் நாம் அவற்றைக் காணலாம், அவை நம்மைக் காணா. ஆனால் ஒளிந்திருந்தால் மட்டும் போதுமா, பிராணியை அழைக்கவும் வேண்டுமே! அதற்கும் விட்டர் இயற்கையினிடமே ஓர் உபாயத்தை எடுத்துக்கொண்டார். அட்டோலா என்ற சொறிமீனை வேறொன்று கடித்தால், அது தன் உடலைச் சுற்றி நீல ஒளியலைகளைச் சக்கரம்போல் சுழலவிடும். தப்ப வழியில்லாத பிராணி, தன்னைக் கடிப்பவனைக் கடிக்கக்கூடிய இன்னொரு பெரியவனை அழைக்கும் கூக்குரல் அது என்பது ஒரு சித்தாந்தம். விட்டர் அதே ஒளியை அதே முறையில் சுழலவிடும் பொய்ச் சொறிமீனை மின்விளக்குகளால் அமைத்தார். 2004-இல் மெக்ஸிகோ வளைகுடாவின் அடித்தளத்தில் அதை முதன்முதலாக ஒளிரச்செய்தபோது, 86 விநாடிகளுக்குள் ஆறடிக்கு மேற்பட்ட ஒரு கணவாய் காமிராவின் முன் வந்து நின்றது. அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதே அறிஞர்களுக்குத் தெரியவில்லை.

இவ்வளவு தெளிவான சாட்சியம் கிடைத்த பின்னும், இராட்சதக் கணவாய்க்காகக் கப்பல் ஏற்பாடு செய்ய எந்த விஞ்ஞான நிதியும் முன்வரவில்லை. நிதி வழங்குபவர்களைக் குறைகூறுவதற்கில்லை. வருமா வராதா என்று தெரியாத ஒரு பிராணிக்காக ஒரு மாதக் கப்பற்செலவை அங்கீகரிப்பது எளிதன்று. டெலிவிஷன் நிறுவனங்கள் அங்கீகரித்தன. மைக் டிகுரூய் என்ற கடற்பட நிபுணர் விட்டரின் படத்தை 2010-இல் பார்த்துப் பரவசமடைந்து, டிஸ்கவரி நிறுவனத்தார் கூட்டிய கணவாய் நிபுணர்களின் ஆலோசனைக்கு அவரை வரவழைத்தார். அந்த ஆலோசனையிலிருந்து பிறந்த பிரயாணம் பலிப்பதைக் காண டிகுரூய்க்குக் கொடுத்துவைக்கவில்லை. 2012 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் ஹெலிகாப்டர் விபத்தில் காலமானார்.

2012-ஆம் வருஷக் கோடையில், ஜப்பானின் என். எச். கே. நிறுவனமும் அமெரிக்காவின் டிஸ்கவரியும் சேர்ந்து, ஆலூசியா என்ற கப்பலில் ஒகாசவாராவுக்குப் புறப்பட்டபோது, குபோதெரா, ஓஷே, விட்டர் ஆகிய மூவரும் உடன் சென்றார்கள். மூவரும் மூன்று புலன்களை நம்பினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஓஷே கணவாய்ச் சதையை அரைத்து நீரில் பீச்சி வாசனையால் ஈர்க்கப் பார்த்தார். குபோதெரா, கண்ணுக்குத் தெரியும்படி பெரிய இரையொன்றை நீர்மூழ்கியின் முன் தொங்கவிட விரும்பினார். விட்டர், கப்பலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மிதவையிலிருந்து 700 மீட்டர் கயிற்றில் தொங்கும் தம் மெடூசா என்ற காமிராவையும் பொய்ச் சொறிமீனையும் நம்பினார். டெலிவிஷன்காரர்களின் மனம் நீர்மூழ்கியின் பக்கம்தான் சாய்ந்திருக்கும். அதில் ஆள் உட்காரலாம், ஆளின் முகத்தைப் படமெடுக்கலாம். மெடூசாவிலோ முகமில்லை, குரலில்லை, மணிக்கணக்கில் கறுப்புத் திரை.

முதலில் பதிவு செய்தது மெடூசாதான். கயிற்றை இழுத்து மேலே கொணர்ந்து பதிவை ஓட்டிப் பார்த்தபோது, கறுப்புத் திரையின் ஓரத்திலிருந்து வெளிறிய நீண்ட கைகள் நுழைந்து, மெல்ல விரிந்து, மறுபடி இருளுக்குள் போயின. அப்பிராணி அங்கே இருந்த சமயத்தில் அதை எந்த மனிதனும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்க்காமல் இருந்ததே காரணமாக அது வந்தது. பின்னொரு பதிவில், அது பொய்ச் சொறிமீனைத் தாண்டிப் பாய்ந்து, அதற்குப் பக்கத்திலிருந்த பெரிய சாதனத்தைத் தாக்கியது. கடிபடும் சொறிமீன் கூவினால், வருகிறவன் சொறிமீனையல்ல, கடிப்பவனையே தேடிவருவான் என்ற சித்தாந்தத்தோடு இது எவ்வளவு பொருந்துகிறது!

பிறகு ஜூலை மாதத்தில், ஒளி ஊடுருவும் கோளத்தை உடைய டிரைடன் நீர்மூழ்கியில் குபோதெரா இறங்கினார்; உடன் ஓட்டுநரும் என். எச். கே. காமிராக்காரரும். வெளிவிளக்குகளை அணைத்துவிட்டு, பிராணியின் கண்ணுக்குப் புலப்படாத ஒளியில் மட்டும் காமிராவை இயக்கினார்கள். சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள வேறொரு ஜாதிக் கணவாய் இரையாகத் தொங்கியது. ஏறக்குறைய 630 மீட்டர் ஆழத்தில், இராட்சதக் கணவாய் வந்து அந்த இரையை எட்டுக் கைகளாலும் தழுவிக்கொண்டது. இரையோடு அது மெல்ல அமிழ, நீர்மூழ்கியும் அதே வேகத்தில் அமிழ்ந்தது. இந்நிலையில் குபோதெரா துணிந்து ஒரு காரியம் செய்தார்: வெள்ளை விளக்கை ஏற்றச் சொன்னார். அவ்வளவு காலமும் எந்த வெளிச்சம் தேடலைக் கெடுத்ததோ அதே வெளிச்சம்! தின்பதில் ஈடுபட்டிருந்த கணவாய் ஓடவில்லை. கரையில் ஒதுங்கும் உடல்களெல்லாம் தோலுரிந்து வெளுத்தோ சிவந்தோ கிடப்பதால் யாரும் அறிந்திராத அதன் நிறம் அப்போது தெரிந்தது. பொன்னும் வெள்ளியும் கலந்து வார்த்தாற்போன்ற உடம்பில் ஒளி புரண்டோடியது. பெரிய கண் கோளத்தின் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு பற்றுக்கைகளும் ஏதோ பழைய விபத்தில் அடியோடு அறுந்து போயிருந்தன. அவை இருந்திருந்தால் மொத்த நீளம் எட்டு மீட்டர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 900 மீட்டர் ஆழம் வரை, 23 நிமிஷங்கள், அதனோடு கூடவே இறங்கினார்கள். அதன் பின் அது இரையை விட்டு அகன்றது.

என். எச். கே. 2013 ஜனவரி 13-ஆம் தேதியும், டிஸ்கவரி அதே மாதம் 27-ஆம் தேதியும் இதை ஒளிபரப்பின. டிஸ்கவரி நிகழ்ச்சியின் தலைப்பு கணவாயைப் பூதம் என்றே விளம்பரம் செய்தது. பொன்டோப்பிடான் காலத்துப் பூதத்தை ஸ்டீன்ஸ்ட்ரூப் கஷ்டப்பட்டுப் பிராணியாக்கியபின், அதை மறுபடி பூதமாக்குவது நியாயமன்று. 23 நிமிஷ நேரம் ஒருவரையும் தீண்டாமல், தன் ஆகாரத்தைத் தின்றுகொண்டு, பக்கத்தில் வந்த அந்நிய வாகனத்தைச் சகித்துக்கொண்டிருந்த ஜீவன் அது. அன்றியும், கப்பலும் நீர்மூழ்கிகளும் கொண்டு நடத்திய பெரும் ஏற்பாட்டில் முதல் வெற்றியைத் தந்தது அந்த ஏற்பாட்டிலேயே மிக எளிய சாதனமான மெடூசாதான் என்பதை, இந்நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். நீர்மூழ்கிப் படத்தின் அழகு அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த அழகை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு முறை மட்டும் நடந்த அதிர்ஷ்டத்துக்கும், மறுபடி மறுபடி செய்துபார்க்கத்தக்க முறைக்கும் உள்ள பேதத்தையே வற்புறுத்துகிறேன்.

அந்தப் பேதம் ஏழு வருஷத்தில் நிரூபணமாயிற்று. 2019 ஜூனில், அமெரிக்க அரசாங்கத்தின் சமுத்திர இலாகா உதவிய ஒரு பிரயாணத்தில், விட்டரும் நாதன் ராபின்சனும் நியூ ஆர்லியன்ஸுக்குத் தென்கிழக்கே சுமார் 160 கிலோமீட்டரில் மெடூசாவைத் தொங்கவிட்டார்கள். எண்ணெய்க் கிணற்று மேடைகள் நிறைந்த கடல் அது. பூதங்கள் வாழும் அந்தகாரப் பிரதேசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 759 மீட்டர் ஆழத்தில், மூன்று மீட்டருக்குக் குறையாத இளங்கணவாய் ஒன்று இருளிலிருந்து நேர்க்கோட்டில் வந்து, சுருட்டி வைத்திருந்த கைகளை மலர்த்திப் பொய்ச் சொறிமீனைத் தொட்டது. இரையல்லவென்று கண்டவுடன் விட்டுப் போய்விட்டது. பதிவை முழுவதும் பரிசீலித்ததில், தாக்குவதற்கு முன் சில நிமிஷங்கள் அது காமிராவைத் தொலைவில் தொடர்ந்து நோட்டமிட்டிருந்தது தெரியவந்தது. பார்வையால் வேட்டையாடும் பிராணி என்பதற்கு இது நல்ல சான்று. அதைக் கண்டு கப்பலில் எல்லோரும் ஆனந்தித்துக்கொண்டிருந்த சற்று நேரத்தில் கப்பலின்மேல் இடி விழுந்தது; பதிவு தப்பியது. இந்தப் பிரயாணத்தில் டெலிவிஷன் நிறுவனத்தின் கை இல்லை. படம் சில நாட்களுக்குள் இன்டர்நெட் வழியாக உலகெங்கும் போய்விட்டது.

அண்டார்டிக் கடலில் வாழும் கோலாஸல் கணவாய் நீளத்தில் சற்றுக் குறைவாயினும் கனத்தில் இராட்சதக் கணவாயையும் மிஞ்சியது; 2007-இல் ராஸ் கடலில் செம்படவர் கப்பலில் அகப்பட்டு, வெலிங்டன் பொருட்காட்சிசாலையில் இருப்பது 495 கிலோ எடையுள்ளது. அந்த இனம் விஞ்ஞானப் பெயர் பெற்று நூறு வருஷங்கள் நிரம்பிய 2025-இல், மார்ச் 9-ஆம் தேதி, தெற்கு சாண்ட்விச் தீவுகளின் அருகே 600 மீட்டர் ஆழத்தில், ஷ்மிட் சமுத்திர நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கண்ணாடிபோன்ற உடலோடு சுமார் 30 சென்டிமீட்டர் நீளமே உள்ள அதன் குஞ்சைப் படமெடுத்தது. அந்நிறுவனம் தன் நீர்மூழ்கி காண்பதை உடனுக்குடன் ஒளிபரப்பிவருகிறது. நாயகர்களும் பின்னணி இசையும் இல்லாமல், கீழே என்ன வருகிறதோ அதை வருகிறபடியே யாரும் பார்க்கலாம். 1932-இல் பீபின் குரலைக் கேட்டவர்களுக்கு வாய்த்தது இதற்குச் சமீபமானதே.

வளர்ந்த கோலாஸல் கணவாயை அதன் ஆழத்தில் இதுவரை எந்தக் காமிராவும் கண்டதில்லை. இராட்சதக் கணவாயிலும் ஆணும் பெண்ணும் கூடுவதையோ, முட்டையிடுவதையோ, ஸ்பெர்ம் திமிங்கிலத்தோடு மல்லுக்கு நிற்பதையோ ஒருவரும் படம்பிடித்ததில்லை. திமிங்கிலத்தின் தோலில் பதிந்த உறிஞ்சித் தழும்புகளைக் கொண்டு ஊகிப்பதே மிச்சம். அடுத்த நிகழ்ச்சிக்குத் திட்டம் போடும் நிறுவனங்கள் இன்னுமொரு நீர்மூழ்கிக்கும் இன்னுமொரு நாயகருக்கும் செலவிடுவதை விட்டுவிட்டு, மெடூசாவைப்போன்ற ஊமைக் காமிராக்களைப் பத்துப் பன்னிரண்டாகச் செய்து, ஒரு பருவத்துக்கு அல்ல, வருஷக்கணக்கில், திமிங்கிலங்கள் மேயும் கடல்களில் தொங்கவிட வேண்டும் என்பது என் விருப்பம். முதலில் தொங்கவிடத் தக்க இடம் கைக்கூராப் பள்ளத்தாக்கு. விளக்கேற்றித் தேடிய ரோப்பருக்கு வெறும் நீராகவே தெரிந்த அந்த இடம், விளக்கணைத்து இன்னும் சரிவரப் பார்க்கப்படவில்லை.